ஆறு நாள் தண்ணீர்

யேசு மரி சூசை

சூசைபுரம்
காரிமங்கலம் வழி
20-2-1986

என் பேத்தி ராஜமேரிக்கு உன் ஆயா ராயம்மாள் எழுதுவது.

நீ அனுப்பிய பனிப் படம் வந்து சேர்ந்தது. உன் அம்மா ஞானமேரி அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். அந்தத் தொப்பிக்குள் இருப்பது நீதான் என்று நான் அடித்துச் சொன்ன பிறகுதான் தெருவில் நம்பினார்கள். "அத்தே, நான் எழுதிடறேன், குடுங்க" என்று பேனாவைப் பிடுங்க வந்தாள் ஞானமேரி. கொடுக்கவில்லை. ஐந்தாவது வரை படித்தவள் நான். என் வயசுக்காரிகள் எல்லாம் இன்னும் கட்டைவிரலைத்தான் மையில் முக்குகிறார்கள். என் கடிதம் என் கையால்தான் அமெரிக்கா போகும்.

எல்லோரும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தவக்காலத்தில் பொய் வேண்டாம்.

கிணற்றுச் சண்டை முற்றிப் போயிருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான். உன் தாத்தாவும் அவர் தம்பி சவரியும் சேர்ந்து வெட்டிய கிணறு. திங்கள், புதன், வெள்ளி நமக்கு. செவ்வாய், வியாழன், சனி அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்கும் ஓய்வு, யாரும் மோட்டார் போடக்கூடாது. முப்பத்தைந்து வருஷம் இதில் ஒரு மாற்றம் இல்லை. போன வருஷம் தண்ணீர் அடியில் போனதும் சவரி மகன் ஸ்தனிஸ்லாஸ் தன் செலவில் வெடி வைத்து ஆழப்படுத்தினான். அப்போது நம்மிடம் பணம் இல்லை. வெடிச் சத்தத்தில் அவனுக்கு இடது காது போயிற்று. இப்போது வந்து, "பெரிம்மா, நாலு நாள் எங்களுக்கு, ரெண்டு நாள் உங்களுக்கு. அதான் ஞாயம்" என்கிறான்.

உன் அப்பன் அருள்நாதன் சரி என்று தலையாட்டப் போனான். நான் விடவில்லை. "உங்கப்பனும் எம் வூட்டுக்காரரும் சேந்து தோண்டுன கெணறுடா. காது போச்சுன்னா கெணறு என்னா பண்ணும்?" என்று ஸ்தனிஸ்லாஸைக் கேட்டேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த நாள் நம் மோட்டார் ஸ்டார்ட்டர் கல்லால் நசுங்கிக் கிடந்தது. உன் அப்பன் கேட்கப் போனான். தள்ளுமுள்ளு ஆனது. உன் அப்பனுக்குப் புருவத்தில் நாலு தையல், அவனுக்கு ஒரு பல். பல்லுக்குத் தையலை வைத்துக் கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று நீ சொல்லுவாய். நீ பொருளாதாரம் படிப்பவள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பூசைக்குப் போகிறாயா?

இப்படிக்கு
ராயம்மாள், ஐந்தாம் வகுப்பு


16-3-1986

அன்புள்ள ஆயாவுக்கு,

உங்கள் கடிதம் பதினெட்டு நாள் பயணம் செய்து வந்தது. தையலைப் படித்ததும் பயந்தேன், பல்லைப் படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். அப்பாவை அந்தப் பக்கம் தனியாக அனுப்பாதீர்கள். பூசைக்குப் போகிறேன். இங்கே கோவிலில் எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள், முழங்காலுக்கு மெத்தை வேறு.

பொருளாதாரத்தில் நான் என்ன படிக்கிறேன் என்று முன்பு ஒரு முறை கேட்டிருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்.

பழைய பொருளாதாரப் புத்தகங்களில் ஒரு மனிதன் இருக்கிறான், ஆயா. அவனுக்குக் கோபம் வராது, வெட்கம் வராது, பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒன்று என்பது ஒன்றுமில்லாததைவிடப் பெரிது, அது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். சந்தை, விலை, கூலி எல்லாக் கணக்கையும் அவனை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். சில வருஷங்களாக மனோதத்துவக்காரர்கள் வந்து, "இந்த ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பதோடு நிற்பதில்லை, ஆளை உட்கார வைத்துச் சோதித்தும் காட்டுகிறார்கள். எங்கள் வகுப்பை ஒரு பொருளாதாரக்காரரும் ஒரு மனோதத்துவக்காரரும் சேர்ந்து நடத்துகிறார்கள். பாதி நேரம் இவர்கள் இருவரும் சண்டை போடுவதைத்தான் பார்க்கிறோம். நம் ஊர்ச் சண்டைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஜெர்மனியில் செய்து பார்த்த ஒரு சோதனை. இரண்டு பேர். பத்துப் பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் பங்கு பிரிக்க வேண்டும், எனக்கு இத்தனை, உனக்கு இத்தனை என்று. இரண்டாம் ஆள் சரி என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது, பத்தும் போய்விடும். பேரம் பேசக்கூடாது. ஒரே முறைதான்.

பழைய புத்தகத்து மனிதன் ஒரு பழம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். உண்மையான மனிதர்கள் வாங்க மறுக்கிறார்கள். கையில் வருவதை விட்டுவிட்டு எதிராளிக்கும் கிடைக்காமல் செய்கிறார்கள். ஏன் என்பதைத்தான் நான் ஆராய்கிறேன். இதுவரை சோதிக்கப்பட்டவர்கள் எல்லாம் கல்லூரி மாணவர்கள். விவசாயிகளை யாரும் கேட்டதில்லை. நம் ஊரில் ஒரு பத்துப் பேரைக் கேட்டு எழுதுவீர்களா? நீங்கள் கேட்டால்தான் உண்மையைச் சொல்வார்கள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. சவரி சின்னத் தாத்தாவைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்லுங்கள், சண்டை இருந்தாலும்.

உங்கள் அன்புப் பேத்தி
ராஜமேரி


யேசு மரி சூசை

சூசைபுரம்
5-5-1986

என் செல்லப் பேத்தி ராஜமேரிக்கு,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். பத்துப் பேர் போதும் என்றாய். இருபத்திரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன். செந்தூரா மாம்பழம் பழுக்கட்டும் என்று காத்திருந்ததால் தாமதம். பழத்தைக் கண்ணில் காட்டாமல் வாயால் கேட்டால் நம் ஆட்கள் எல்லோரும் மகாத்மாவாகப் பேசுவார்கள்.

சந்தையில் புளி விற்கும் கோவிந்தம்மாளை முதலில் கேட்டேன். பத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன செய்வாய் என்றேன். "மூஞ்சில அடிப்பேன்" என்றாள். இரண்டு? "ரெண்டு கையாலயும் அடிப்பேன்" என்றாள். காளியப்பன் மூன்று வரை அரிவாள், நாலுக்கு மேல் ஆசீர்வாதம் என்றான். மாரப்பன் மட்டும் ஒன்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றான். ஏன்டா என்றால், "வாங்கிட்டு அவன் திரும்பறப்ப முதுகுல குத்துவேன்" என்கிறான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீயே பார்த்துக்கொள்.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து கோவில் படிக்கட்டில் பத்துப் பழத்தையும் வரிசையாக வைத்தேன். கூட்டம் கூடிவிட்டது. உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். ஜெர்மனி என்று படித்தபோது பங்குச் சாமியாரே நின்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். என் பேத்தி எழுதிய எழுத்து, என் வாயால், கோவில் வாசலில்.

யார் பங்கு பிரிப்பது என்று கேட்டபோது ஸ்தனிஸ்லாஸ் ஒதுங்கி நின்றிருந்தான். "தனிஸ்லாசு, நீ வா. உனக்குத்தான் பங்கு பிரிக்க நல்லா வருமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வந்தான். எனக்கு எதிரே உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டே ஒரே ஒரு பழத்தை என் பக்கம் உருட்டிவிட்டான். விளையாட்டாகத்தான் செய்தான் போலிருக்கிறது. நான் அந்தப் பழத்தை எடுத்து அவன் நெற்றியைப் பார்த்து எறிந்தேன். பழுத்த பழம். உடைந்து கண், மூக்கெல்லாம் வழிந்தது. "வேண்டாம்! பத்தும் போச்சு!" என்றேன். மீதி ஒன்பதையும் படிக்கட்டில் போட்டு மிதித்தேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊரே கைதட்டியது. டீக்கடை நஞ்சப்பன், "டேய், ஒத்த மாங்கா!" என்று கத்தினான். இன்றைக்குக் காலையில் பால் ஊற்ற வந்தவள்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் பேசினாள்.

உன் அப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்மா, அவன் வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் நின்னுட்டு இருந்தாங்களே" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான், ஒன்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற புத்தகத்து மனிதன் அவன்தான். உன் வாத்தியாரிடம் சொல், அந்த ஆள் சூசைபுரத்தில் இருக்கிறான் என்று.

இருபத்திரண்டில் பதினெட்டுப் பேர் வேண்டாம் என்றவர்கள். எல்லோர் பேரும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு
ராயம்மாள், ஐந்தாம் வகுப்பு


28-5-1986

என் அருமை ஆயாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு மொழிபெயர்த்து வகுப்பில் வாசித்தேன். மனோதத்துவப் பேராசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதுகில் குத்தும் மாரப்பனுக்கு ஒரு தனிக் கட்டம் போடவேண்டும் என்றார். பொருளாதாரப் பேராசிரியர் தன் புத்தகத்தை மூடி மேசைக்குள் வைத்துவிட்டார். "ஒத்த மாங்கா" என்பதைக் கரும்பலகையில் எழுதிவைத்தார்கள். அமெரிக்கப் பையன்கள் அதைச் சொல்லிப் பார்க்கிறார்கள், வாயில் நுழையவில்லை.

இப்போது அவர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள், ஆயா. புதிதாக ஒன்று கிடைத்தால் வருகிற சந்தோஷத்தைவிட, கையில் இருந்த ஒன்று போனால் வருகிற வலி இரண்டு மடங்காம். அளந்தே பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள் இரண்டு நாளாகக் குறைந்தால் உங்களுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு சின்னக் கவலை. ஸ்தனிஸ்லாஸ் சித்தப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாரா? சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தருமபுரியில் சினிமாவுக்குப் போனவர். ஒரு வார்த்தை நல்லதாகப் பேசிவிடுங்கள்.

அடுத்த முறை பழம் பிரிக்கிறவரையும் கேட்டு எழுதுங்கள், அவர் ஏன் அப்படிப் பிரித்தார் என்று.

உங்கள் அன்புப் பேத்தி
ராஜமேரி


யேசு மரி சூசை

தருமபுரி பெரியாஸ்பத்திரி
12-6-1986

ராஜமேரிக்கு,

தைரியமாக உட்கார்ந்துகொண்டு படி. உன் அப்பன் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன்.

ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிறு, பங்குச் சாமியார் முன்னால் கிணற்றுப் பேச்சு வைத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் எழுந்தான். நாலு, இரண்டு என்று கேட்டவன் அன்றைக்கு ஐந்து, ஒன்று என்றான். ஏன்டா ஒரு நாள் என்று நான் கேட்டேன். "ஒத்த மாங்கான்னு பேர் வெச்சீங்களே பெரிம்மா. பேருக்கு ஏத்த மாதிரி வேணாமா? ஒரு நாள் வெச்சிக்கங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

உன் அப்பன் என் சேலையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, ரெண்டுன்னு பேசி முடிச்சிடலாம். சாமியார் சொன்னா அவன் கேப்பான். தென்னைய காப்பாத்துனா போதும்" என்றான். நான் உன் கடிதத்தை மடியிலிருந்து எடுத்தேன். "சீமையிலேயே எழுதி வெச்சிருக்காங்க. கம்மியா குடுத்தா வாங்கக்கூடாது. மூணு இல்லேன்னா, கெணத்த மூடு. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்" என்றேன்.

ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை. நம் முறை. காலை ஒன்பதரை இருக்கும். மோட்டார் ரூமில் உன் அப்பன் ஸ்விட்சில் கை வைத்தான். நான் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். ஸ்தனிஸ்லாஸ் வரப்பின்மேல் வந்தான். கொடுவாளை மறைக்கவில்லை. தேங்காய் வெட்டப் போகிறவன் போல நடந்து வந்தான். கூப்பிட்டேன். அவனுக்கு இடது காது கேட்காது, நான் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன்.

முதல் வெட்டு தோளில். இரண்டாவது வெட்டு ஸ்விட்சைப் பிடித்திருந்த கையில். வலது கை மணிக்கட்டோடு கீழே விழுந்தது. மோட்டார் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. உன் அப்பன் கத்தவில்லை. குனிந்து, விழுந்த கையை இடது கையால் எடுத்துக்கொண்டான், எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல. நான் ஒரு கல்லை எடுத்து ஸ்தனிஸ்லாஸை அடித்தேன். நெற்றி பிளந்தது. மாம்பழம் உடைந்த அதே இடம். அவன் கொடுவாளைக் கீழே போடவில்லை, ஓங்கவும் இல்லை. "பெரிம்மா, வெட்டிட்டேன்" என்றான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பானையை உடைத்துவிட்டு வந்து சொல்லுவானே, அதே குரல். பிறகு தன் துண்டை அவிழ்த்து உன் அப்பன் மேல் எறிந்துவிட்டு, அப்படியே காரிமங்கலம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விட்டான். அந்தத் துண்டால்தான் கையைக் கட்டினேன்.

அன்று மாலையே நல்லம்பள்ளியிலிருந்து உன் அம்மாவின் அண்ணன் தம்பிகள் வந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சவரி வீட்டுக் கூரைக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள். கிழவனைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கடப்பாரையால் காலை உடைத்திருக்கிறார்கள். கட்டியிருந்த கன்றை அவிழ்க்காமல் விட்டுவிட்டார்கள். அது எரிந்துபோனது.

கையைத் திரும்ப ஒட்ட முடியாது என்றார்கள். பங்குச் சாமியாரைக் கேட்டுக் கல்லறையில் உன் தாத்தா பக்கத்தில் புதைத்தோம். ஒரு கையை மட்டும்.

நீ வர வேண்டாம். டிக்கெட்டு விலை எனக்குத் தெரியும்.

ராயம்மாள்


30-6-1986

ஆயா,

அப்பாவின் கையெழுத்து என்னிடம் இருக்கிறது. விமானம் ஏறும் நாளில் பெட்டியின்மேல் என் பேரை அவர்தான் எழுதினார். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன். அந்தக் கடிதம் உங்களுக்குப் புத்திமதி சொல்ல எழுதியது இல்லை. மனிதர்கள் மறுக்கிறார்கள் என்றுதான் எழுதினேன். மறுப்பதுதான் சரி என்று நான் எழுதவே இல்லை. ஐந்தும் ஒன்றும் என்றால் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி. தென்னை காயட்டும், நிலத்தை விற்றுவிட்டுத் தருமபுரிக்கு வாடகை வீட்டுக்குப் போங்கள், நான் பணம் அனுப்புகிறேன். மாமாக்களிடம் சொல்லுங்கள், இனி யாரும் யாரையும் தொடக்கூடாது.

நான் அந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன். நீங்கள் எழுதிய இருபத்திரண்டு பேர் பட்டியலைக் கிழிக்கப் போனேன். பின்பக்கம் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கை வரவில்லை. கரும்பலகையில் அந்தப் பேர் இன்னும் அழியாமல் இருந்தது. இன்று போய் நானே துடைத்தேன்.

ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாளை வாங்கிக்கொண்டேன் என்று ஒரே ஒரு வரி.

ராஜமேரி


யேசு மரி சூசை

சூசைபுரம்
6-8-1986

என் பேத்தி ராஜமேரிக்கு உன் ஆயா எழுதுவது.

உன் இரண்டு கடிதமும் வந்தன. மே மாதம் சிரித்து எழுதிய கடிதம்தான் எங்கோ சுற்றிவிட்டுப் பின்னால் வந்தது. தபால்காரன் அதைக் கொடுத்தபோது நான் உன் அப்பனுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள் என்று நீ எழுதியதை அவனுக்கும் படித்துக் காட்டினேன். "மாரப்பனுக்குத் தனிக் கட்டமா?" என்று மட்டும் கேட்டான். இடது கையால் சோறு பிசையப் பழகிவிட்டான். சிலுவை போடும்போதுதான் வலது தோள் தானாக எழும்புகிறது.

உன் மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது. ஊரில் இருபத்திரண்டு பேரைக் கேட்கச் சொன்னவள், தன் வீடு என்றதும் ஒன்றை வாங்கிக்கொள் என்கிறாளே என்று. இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. இப்போது அந்தக் கோபம் இல்லை. காரணம் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன்.

நான் உன் கடிதத்தை ஒழுங்காகத்தான் படித்தேன். கம்மியாகக் கொடுத்தால் வாங்கக்கூடாது என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சபையில் அப்படிச் சொன்னேன். அமெரிக்காவில் இருக்கும் என் பேத்தி என் பக்கம் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஸ்தனிஸ்லாஸ் நஞ்சப்பன் கடையில் டீ குடிக்கப் போயிருக்கிறான். மறுநாள் சனிக்கிழமை தண்ணீர் விட வாய்க்காலைச் சரிசெய்ய மண்வெட்டியோடு வந்தவன். "ஒத்த மாங்காவுக்கு ஒரு டீ" என்று நஞ்சப்பன் உள்ளே குரல் கொடுத்திருக்கிறான். கடையில் பத்துப் பேர். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவன் வீட்டுக்குப் போய் மண்வெட்டியை வைத்துக் கொடுவாளை எடுத்திருக்கிறான். இதை நஞ்சப்பனே என்னிடம் வந்து அழுதுகொண்டு சொன்னான்.

நாலு நாள் கேட்டவன் அவன். வெடி வைத்தது அவன். காதைக் கொடுத்தது அவன். நாலு என்பது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். உன் அப்பன் அன்றைக்கே சரி என்றான். நான்தான் அவனைக் கோவில் படிக்கட்டில் உட்காரவைத்து மூஞ்சியில் பழத்தை உடைத்தேன். அதற்குப் பிறகு அவன் பங்கு பிரித்தது தண்ணீரை இல்லை, பட்ட அவமானத்தை. கம்மியாகக் கொடுத்தால் வாங்குகிறவனுக்கு ஏன் கோபம் வருகிறது என்று நீங்கள் எல்லோரும் அளக்கிறீர்கள். கம்மியாகக் கொடுத்தவனை ஊர் பார்த்துச் சிரித்தால் அவன் என்ன ஆவான் என்று யாராவது அளந்தார்களா? அந்த முதல் ஆளுக்கும் ஒரு மூஞ்சி இருக்கிறது, ராஜம். உன் சோதனையில் அவன் பங்கு பிரித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறான். இங்கே அவன் மறுநாளும் அதே டீக்கடைக்குப் போகவேண்டும். பழம் பிரிக்கிறவரையும் கேட்டு எழுதுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரி வந்து சேர்ந்தபோது அவன் சேலம் ஜெயிலில் இருந்தான்.

இருந்தது போனால் இரண்டு மடங்கு வலி என்றாயே. மூன்று நாளில் ஒரு நாள் போவதற்கு இரண்டு மடங்கு. கை போனதற்கு எத்தனை என்று உன் வாத்தியாரைக் கேட்காதே.

இனி நடந்ததை எழுதுகிறேன். போன மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தேன். சவரி வாசலில் உட்கார்ந்திருந்தான். கால் இன்னும் கூடவில்லை, இரண்டு கட்டையை ஊன்றி வந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு கூடை. பத்து நீலம் மாம்பழம். எண்ணிவிட்டேன்.

"அண்ணி," என்றான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. "ஆறு நாளும் நீங்களே வெச்சிக்கங்க. கெணறே உங்களுது. பத்திரம் எழுதித் தர்றேன். நீங்க மட்டும் பாக்கலேன்னு சொல்லிடுங்க. மோட்டார் ரூம்ல நீங்க இல்ல, அவ்ளோதான். அருளு சொன்னா கோர்ட்டு நம்பாது, அவனுக்குக் கண்ணு சொருகிப் போச்சுன்னு வக்கீல் சொல்லிக்குவாரு."

உன் அம்மா உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உன் அப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சவரி," என்றேன், "பாத்தத பாக்கலேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு நாளும் எனக்கு வேணாம். நாலு நாள் நீ எடுத்துக்கோ, ரெண்டு எனக்குப் போதும். உம் மவன் மொதல்ல கேட்டது அதான். அன்னிக்கே குடுத்திருக்கணும். இன்னிக்குக் குடுக்கறேன்."

சொல்லிவிட்டு நாலு பழத்தை எடுத்துக்கொண்டு ஆறைக் கூடையிலேயே விட்டேன். என் வாழ்க்கையில் நான் பிரித்த நல்ல பங்கு அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

அவன் கூடையைப் பார்த்தான்.

"நாலு நாளா?" என்றான். "நாலுக்காங்க அண்ணி எம் மவன் உள்ள கெடக்கறான்? நாலுக்கா என் வூடு எரிஞ்சிது? இந்த நாலு பிப்ரவரில எங்க போச்சு?"

கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டையை ஊன்றி எழுந்தான். வீட்டுப் பக்கம் போகவில்லை. கிணற்றுக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன், அவனே விழுந்துவிடுவானோ என்று. கிணற்று மேட்டில் நின்று ஆறு பழத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே எறிந்தான். கூடையையும் எறிந்தான். "வேணாம்" என்றான். கத்தவில்லை. திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் திங்கள், என் முறை. அந்த வெட்டுக்குப் பிறகு முதல் முறையாக மோட்டார் ரூமில் போய் நின்றேன். ஸ்விட்சில் கை வைக்க முடியவில்லை. அந்தப் பலகையில் கறை இன்னும் போகவில்லை. செவ்வாய் அவன் முறை. வரவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி. யாரும் மோட்டார் போடவில்லை. நம் தென்னையில் குருத்து தொங்கிவிட்டது, பட்டுப்புழுவுக்கு அவன் வைத்த மல்பெரி கருகிவிட்டது. தண்ணீர் என்னவோ ஏறி நிற்கிறது. இத்தனை தண்ணீர் அதில் நான் பார்த்ததே இல்லை. ஆறு பழமும் மேலே மிதக்கின்றன, தோல் கறுத்து. நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. வாரத்தில் ஏழு நாளும் கிணற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

பதினேழாம் தேதி இன்ஸ்பெக்டர் மறுபடி வருகிறார். பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். எறிந்த பழத்தையும் அதில் எழுதச் சொல்லப்போகிறேன். ஊர் முன்னால் முதலில் அடித்தது யார் என்று கோர்ட்டுக்குத் தெரியவேண்டும்.

ஆராய்ச்சியை நிறுத்தாதே. அந்தப் பட்டியலையும் கிழிக்காதே. அதில் இருபத்திரண்டு பேர்தான் இருக்கிறார்கள். இருபத்து மூன்றாவதாக ராயம்மாள் என்று எழுதிக்கொள், ஒரு கிழவி என்று எழுதாதே. வேண்டாம் என்றவள் என்ற கட்டத்தில் போடு. பக்கத்தில் இருபத்து நாலாவதாக சவரி.

இனிமேல் கேள்வி மட்டும் அனுப்பாதே. நீ எழுதினால் நான் கோவில் வாசலில் படித்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். கேட்கவேண்டியது இருந்தால் நீயே வா. நஞ்சப்பன் கடையில் டீ குடி, சேலம் ஜெயிலுக்குப் போய் உன் சித்தப்பனைப் பார், பிறகு கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார். டிக்கெட்டு விலை தெரியும் என்று போன முறை எழுதினேன். இந்த முறை அதை எழுதவில்லை.

காதை மூடிக்கொள், அங்கே குளிர் தொடங்கும் முன்பே.

ராயம்மாள்